விண்வழி அளந்த வீரமங்கை ஆமி ஜான்சன்

புவியியல் வகுப்பில் இருக்கும் உலக உருண்டையை ஒரு முறை கையில் எடுங்கள். ஒரு நூலின் ஒரு முனையை இலண்டன் மாநகரின் மீதும், மறு முனையை ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரின் மீதும் வைத்து, நூலை இறுக்கிப் பிடியுங்கள். அந்த நூல் செல்லும் வழியே இவ்விரு நகரங்களுக்கும் இடையேயுள்ள மிகக் குறுகிய வான்வழி. அதன் நீளம் சுமார் 13,850 கிலோமீட்டர். 2021 நவம்பரில் தொடங்கிச் சில மாதங்கள், டார்வினிலிருந்து இலண்டனுக்கு எங்குமே இறங்காமல் ஜெட் விமானங்கள் பறந்தன. ஏறக்குறைய 17 மணி நேரத்தில் பயணம் முடிந்தது. பயணிகள் உண்டார்கள், உறங்கினார்கள், கண் விழித்தபோது வேறு கண்டத்தில் இருந்தார்கள்.

இதே இரு நகரங்களுக்கு இடையே 1930ஆம் ஆண்டில் ஒரு பெண் தன்னந்தனியே பறந்தார். அவருக்குப் பிடித்த காலம் பத்தொன்பதரை நாள்கள். அப்போது அவருக்கு வயது 26. விமானம் ஓட்ட உரிமம் பெற்று ஓராண்டுகூட நிறைவடையவில்லை. அவர்தாம் ஆமி ஜான்சன்.

இளமைப் பருவம்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்றொரு துறைமுக நகரம் உண்டு. மீன்பிடித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே 1903 ஜூலை 1ஆம் நாள் மீன் வணிகர் ஒருவரின் மூத்த மகளாக ஆமி பிறந்தாள். அவளுக்குப் பின் மூன்று தங்கையர். வீட்டில் வறுமை இல்லை; ஆனால் பெண் குழந்தைகள் அடங்கி ஒடுங்கி வளர வேண்டும் என்ற எண்ணம் எங்கும் பரவியிருந்த காலம் அது.

ஆமியோ விளையாட்டில் பெருவிருப்பம் கொண்டவள். பள்ளியில் கிரிக்கெட் ஆடியபோது பந்து முகத்தில் பட்டு முன்பற்கள் உடைந்தன. அதன் பிறகு தோழியர் முன் வாய்விட்டுச் சிரிக்கவும் கூசினாள்; தனிமையை நாடினாள். ஒரு சிறு விபத்து ஒரு சிறுமியின் மனத்தை எவ்வளவு தூரம் மாற்றிவிடுகிறது, பாருங்கள்! ஆயினும் படிப்பை அவள் கைவிடவில்லை. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1925இல் இளங்கலைப் பட்டம் பெற்றாள். பெண்கள் கல்லூரி வாசலை மிதிப்பதே அரிதாக இருந்த நாளில் அது பெரிய காரியம்.

பட்டம் பெற்றவர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்று அலுவலக வேலைக்குச் சென்றார். நெடுநாள் நேசித்த ஒருவர் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். நெஞ்சில் அந்தக் காயத்துடன் வாழ்ந்து, இலண்டன் நகரில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் செயலாளராகப் பணியாற்றினார் ஆமி. நாள் முழுவதும் கடிதங்களைத் தட்டச்சு செய்யும் வாழ்க்கை. அதற்கு அப்பால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அவரை விடவில்லை.

எண்ணெய்க் கறை படிந்த கைகள்

1926இல் ஹல் நகருக்கு வந்த ஒரு விமானத்தில் ஐந்து ஷில்லிங் கொடுத்துத் தங்கையுடன் ஒரு சுற்றுப் பறந்து பார்த்தார் ஆமி. அன்று அது அவரைப் பெரிதாகக் கவரவில்லை. ஆனால் இலண்டனுக்கு வந்த பின், ஸ்டாக் லேன் என்னுமிடத்தில் இருந்த விமானக் கழகத்தில் பயிற்சி விமானங்கள் ஏறி இறங்குவதைக் கண்டபோது உள்ளத்தில் பொறி பற்றியது. 1928 செப்டம்பரில் அக்கழகத்தில் முதல் பாடம் கற்றார்.

அவர் பிறவி மேதை அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் பத்து மணி நேரப் பயிற்சிக்குள் தனியே பறக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆமிக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் தேவைப்பட்டது. விமானத்தைத் தரையில் இறக்கும்போது தடதடவென்று மோதுவார். மனம் தளரவில்லை. 1929 ஜூனில் முதன்முறை தனியே பறந்தார்; அடுத்த மாதமே விமானி உரிமமும் பெற்றார்.

அத்துடன் நிற்காமல் விமானக் கொட்டகைக்குள் நுழைந்தார். அது ஆண்கள் மட்டுமே வேலை செய்த இடம். தொடக்கத்தில் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. அதிகாலையில் வந்து எஞ்சினைக் கழற்றித் துடைப்பார். பிறகு அலுவலகம் செல்வார். மாலையில் மீண்டும் கொட்டகைக்கு வருவார். ஜாக் ஹம்ஃப்ரீஸ் என்ற பொறியாளர் அவருடைய ஆர்வத்தைக் கண்டு பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். 1929 டிசம்பரில் விமானத் தரைப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண் என்ற பெருமை ஆமிக்குக் கிடைத்தது. பின்னாளில் பாலைவனத்திலும் கரும்புத் தோட்டத்திலும் அவரைக் காப்பாற்றியது இந்தப் படிப்புத்தான்.

ஜேசன் என்னும் சிறு விமானம்

ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறக்கப் போகிறேன் என்று அவர் அறிவித்தபோது பலர் சிரித்தனர். அதுவரை அவர் பறந்த மிக நீண்ட தொலைவு இலண்டனிலிருந்து ஹல் வரைதான். 240 கிலோமீட்டருக்குள் அடங்கும். ஆதரவு வேண்டிப் பலருக்குக் கடிதம் எழுதினார். பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சியது. இறுதியில், எண்ணெய் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய வேக்ஃபீல்டு பிரபு உதவ முன்வந்தார். அவரும் ஆமியின் தந்தையும் செலவைப் பகிர்ந்துகொண்டனர். 600 பவுனுக்கு, முன்பே ஒருவர் பயன்படுத்திய ஜிப்ஸி மாத் விமானம் ஒன்று வாங்கப்பட்டது. தந்தையின் மீன் வணிக முத்திரையின் பெயரையே அதற்குச் சூட்டினார்: ஜேசன்.

அந்த விமானத்தைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள். மரச் சட்டம், அதன்மேல் துணி போர்த்திய இரட்டை இறக்கைகள், 100 குதிரைத்திறன் கொண்ட ஒரே எஞ்சின். ஓட்டுபவரின் இருக்கைக்கு மேல் கூரை கிடையாது. வெயிலும் மழையும் காற்றும் முகத்தில் அறையும். செய்தி அனுப்ப வானொலிக் கருவி இல்லை. முன் இருக்கையை எடுத்துவிட்டுக் கூடுதல் பெட்ரோல் தொட்டி வைத்திருந்தார்கள். அதிலிருந்து பெட்ரோலைக் கைப்பம்பால் அவ்வப்போது மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். விமானத்தின் பக்கவாட்டில் மாற்றுச் சுழல்விசிறி ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்.

வேகமோ மணிக்கு ஏறத்தாழ 135 கிலோமீட்டர். தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று கணித வகுப்பில் படிக்கிறோம் அல்லவா? நூல் காட்டிய 13,850 கிலோமீட்டரை 135ஆல் வகுத்தால் 103 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அப்படியானால் ஐந்தாம் நாளே போய்ச் சேர்ந்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் நூல் காட்டும் வழியில் பெட்ரோல் கிடைக்க வேண்டுமே! இறங்கத் திடல் வேண்டுமே! ஊர் ஊராக இறங்கிச் சென்றால் வழி வளைந்து வளைந்து ஏறக்குறைய 18,000 கிலோமீட்டராக நீண்டுவிடும். இரவில் பறக்க விளக்குகள் இல்லை. எஞ்சினைத் தினமும் கழற்றிச் சோதிக்க வேண்டும். வகுத்தல் கணக்கில் வராதவை இவ்வளவும்.

அவருக்கு முன் 1919இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு பொறியாளர்களுடன் ஏறத்தாழ 28 நாள்களில் டார்வினை அடைந்திருந்தனர். 1928இல் பெர்ட் ஹிங்க்லர் என்ற ஆஸ்திரேலியர் தனியே பறந்து பதினைந்தரை நாளில் சேர்ந்தார். ஹிங்க்லரின் காலத்தை முறியடிப்பதே ஆமியின் குறிக்கோள். வரைபடத்தில் அளவுகோலை வைத்து, இயன்றவரை நேராக ஒரு வழியை வகுத்துக்கொண்டார்.

ஆறு நாளில் கராச்சி

1930 மே 5ஆம் நாள் காலை. குரோய்டன் விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்கள் தந்தையும் சில நண்பர்களும் மட்டுமே. பெட்ரோல் சுமையால் முதல் முயற்சியில் விமானம் மேலெழும்பவில்லை. இரண்டாம் முயற்சியில் எழும்பியது.

முதல் நாள் வியன்னா. இரண்டாம் நாள் கான்ஸ்டான்டிநோபிள். பம்பிலிருந்து கசிந்த பெட்ரோலின் நெடி தலையைச் சுற்ற வைத்தது. மூன்றாம் நாள் டாரஸ் மலைத்தொடரைக் கடக்கும்போது மேகக் கூட்டம் வழியை மறைத்தது. மலைச்சுவரில் மோதாமல் தப்பியது அரிது. கீழே சென்ற இரயில் பாதையைத் துணையாகக் கொண்டு பள்ளத்தாக்கின் வழியே ஊர்ந்து அலெப்போ சேர்ந்தார்.

நான்காம் நாள் பாக்தாதை நோக்கிச் செல்கையில் மணற்புயல் சூழ்ந்தது. விமானம் கல்லைப் போலக் கீழே விழத் தொடங்கியது. எப்படியோ பாலைவனத்தில் இறக்கினார். புயல் விமானத்தை உருட்டிவிடாதபடி சக்கரங்களுக்குத் தம் பெட்டிகளை முட்டுக் கொடுத்து, எஞ்சினுக்குள் மணல் புகாமல் துணியால் மூடினார். தொலைவில் நாய்கள் ஊளையிடும் ஓசை. கையில் துப்பாக்கியுடன் விமானத்தின் வால் மீது அமர்ந்து காத்திருந்தார். புயல் தணிந்ததும் மீண்டும் பறந்தார்.

பந்தர் அப்பாஸ் வழியாக மே 10ஆம் நாள் கராச்சியில் இறங்கினார். ஆறே நாள்! இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஹிங்க்லர் பறந்ததைவிட இரண்டு நாள் குறைவு. அதுவரை கண்டுகொள்ளாத உலகப் பத்திரிகைகள் விழித்துக்கொண்டன. முகம் தெரியாத தட்டச்சுப் பெண்ணின் பெயர் ஒரே நாளில் எங்கும் பரவியது.

பருவமழையோடு ஒரு போட்டி

கராச்சியிலிருந்து அலகாபாத் அவரது அடுத்த இலக்கு. எதிர்க்காற்றில் பெட்ரோல் தீர்ந்து வந்ததால் ஜான்சியில் இருந்த இராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்க நேர்ந்தது. ஓடிய வேகத்தில் இறக்கை சேதமுற்றது. பழுது பார்த்துக்கொண்டு அலகாபாத் வழியாக மே 12இல் கல்கத்தா சேர்ந்தார். வெறும் எட்டு நாள்! ஹிங்க்லரின் காலத்தை வென்றுவிடுவார் என்றே எல்லாரும் நம்பினர்.

ஆனால் கிழக்கே மழைக்காலம் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. இரங்கூனை நெருங்கும்போது பெருமழை. பந்தயத் திடலில் இறங்க எண்ணியவர், வழி தெரியாமல் இன்செய்ன் என்ற ஊரில் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியின் விளையாட்டுத் திடலில் இறங்கினார். விமானம் ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. சுழல்விசிறி முறிந்தது, இறக்கையின் துணி கிழிந்தது. ஆமி மனமுடைந்து அழுதுவிட்டார்.

இங்கே ஓர் அருமையான செய்தி. கிழிந்த இறக்கையை மூட அங்கே துணி இல்லை. முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியில் தைத்த சட்டைகள் அவ்வூரில் இருந்தன. அவற்றைத் தையல் பிரித்து இறக்கைக்குப் போர்த்தினர். கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் உடைந்த பாகங்களைச் செப்பனிட்டனர். பக்கவாட்டில் கட்டியிருந்த மாற்று விசிறியும் பயன்பட்டது. முன்பின் அறியாத மக்களின் கைகள் அந்த விமானத்தை மீண்டும் எழுப்பின. ஆயினும் இரண்டு நாள்களுக்கு மேல் வீணாயின. ஹிங்க்லரின் காலத்தை வெல்லும் வாய்ப்பும் அந்தப் பள்ளத்திலேயே நழுவியது.

பிறகு பாங்காக், சிங்கப்பூர் என்று பயணம் தொடர்ந்தது. ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது நட்டிருந்த மூங்கில் குச்சிகள் இறக்கையைத் துளைத்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கொண்டே துளைகளை அடைத்தார்! திமோர் தீவில் ஓரிரவு அவர் இருக்குமிடம் தெரியாமல் உலகமே கலங்கியது. மறுநாள் அவர் உயிருடன் இருக்கும் செய்தி வந்த பிறகுதான் ஹல் நகரில் இருந்த பெற்றோருக்கு மூச்சு வந்தது.

எஞ்சியது திமோர் கடல். ஏறத்தாழ 800 கிலோமீட்டருக்குக் கீழே நீர், மேலே வானம். எஞ்சின் நின்றுபோனால் இறங்க ஓரடி நிலம் இல்லை. நடுக்கடலில் நின்ற ஓர் எண்ணெய்க் கப்பல் அவரைப் பார்த்துச் செய்தி அனுப்பியது. 1930 மே 24ஆம் நாள் பிற்பகல் ஜேசன் டார்வின் மண்ணைத் தொட்டது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண் என்ற புகழ் ஆமி ஜான்சனுக்கு உரியதாயிற்று.

புகழும் அதன் சுமையும்

ஊர்தோறும் வரவேற்பு. அரசு அவருக்கு சி.பி.இ. விருது வழங்கியது. ஓர் ஆங்கில நாளேடு 10,000 பவுன் பரிசளித்தது. இலண்டன் திரும்பியபோது தெருக்களில் இலட்சக்கணக்கான மக்கள் திரண்டனர். ஆனால் ஆமியின் உள்ளத்தில் ஒரு குறை: எண்ணியபடி ஹிங்க்லரை வெல்ல முடியவில்லையே! உலகம் வெற்றி என்று கொண்டாடியதை அவர் பாதித் தோல்வியாகவே கருதினார். இடைவிடாத கூட்டங்களும் சொற்பொழிவுகளும் உடலையும் மனத்தையும் வாட்டின. தனிமையை விரும்பிய பெண்ணைப் புகழ் எளிதில் விடுவதில்லை.

எனினும் பறப்பதை அவர் நிறுத்தவில்லை. 1931இல் ஹம்ஃப்ரீஸுடன் இலண்டனிலிருந்து மாஸ்கோவுக்கு ஒரே நாளில் பறந்து, சைபீரியா வழியாக டோக்கியோ சென்றார். 1932இல் ஜிம் மாலிசன் என்ற விமானியை மணந்தார். அதே ஆண்டு இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குத் தனியே பறந்து, கணவர் எடுத்த காலத்தையே முறியடித்தார்! 1933இல் இருவரும் அட்லாண்டிக் கடலைக் கடந்து, பெட்ரோல் தீர்ந்து அமெரிக்காவில் விழுந்து பிழைத்தனர். 1936இல் மீண்டும் கேப் டவுன் சாதனை. பெண் பொறியாளர் சங்கத்தின் தலைவியாகவும் விளங்கினார். இல்லற வாழ்வு நிலைக்கவில்லை. 1938இல் மணமுறிவு ஏற்பட்டது.

ஒரு மணி நேரப் பயணம்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. சாதனை விமானிகளுக்கு அப்போது வேலையில்லை. 1940இல் ஆமி விமானப் போக்குவரத்துத் துணைப்படையில் சேர்ந்தார். தொழிற்சாலைகளிலிருந்து விமானங்களை இராணுவத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கும் பணி. உலகம் போற்றிய வீராங்கனை, மற்றப் பெண்களோடு ஒருவராக, இட்ட வேலையைச் செய்தார்.

1941 ஜனவரி 5. பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகேயுள்ள தளத்துக்கு ஒரு விமானத்தைச் சேர்க்க வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். பனியும் மேகமும் தரையை மறைத்தன. ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்து, வழியிலிருந்து வெகுதூரம் விலகி, தேம்ஸ் நதி கடலில் கலக்குமிடத்தில் ஒரு பாராசூட் இறங்கியது. அங்கே சென்ற ஹாஸில்மியர் என்ற கப்பலில் இருந்தோர் நீரில் தத்தளித்த ஆமியைக் கண்டனர். கப்பலின் தலைவர் வால்டர் ஃப்ளெச்சர் உறைபனி நீரில் குதித்துக் காப்பாற்ற முயன்றார். கடுங்குளிரால் அவரும் உயிர்நீத்தார். ஆமியின் உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 37.

பாதி உலகத்தைக் கடந்தவர், ஒரு மணி நேரப் பயணத்தில் வீடு திரும்பவில்லை. முன்பின் அறியாத ஒரு பெண்ணுக்காகத் தம் உயிரையே கொடுத்த அந்தக் கப்பல் தலைவரையும் இங்கே வணக்கத்துடன் நினைப்போம்.

சுருங்கிய தூரம்

ஆமிக்குப் பின் காலம் விரைந்து குறைந்தது. 1934இல் நடந்த விமானப் போட்டியில் இருவர் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னை 71 மணி நேரத்தில் அடைந்தனர். 1947இல் பயணிகள் விமானம் சிட்னியிலிருந்து இலண்டனுக்கு நான்கு நாளில் சென்றது. 2018 மார்ச்சில் பெர்த் நகரிலிருந்து இலண்டனுக்கு நேரடிச் சேவை தொடங்கியது. 14,498 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். உயரே மேற்கிலிருந்து வீசும் கடுங்காற்று உதவுவதால், இலண்டனிலிருந்து கிழக்கே வரும்போது நேரம் இன்னும் சற்றுக் குறையும். 2021 ஜனவரியில் நம் நாட்டுப் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய விமானம் ஒன்று, சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடதுருவத்தின் மேலாகப் பறந்து பெங்களூர் வந்து இறங்கியது.

ஆமி ஓட்டிய ஜேசன் இலண்டன் அறிவியல் காட்சிசாலையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 2016இல் அவருக்கு ஹல் நகரிலும், அவர் மறைந்த கடலருகே உள்ள ஹெர்ன் பே ஊரிலும் சிலைகள் எழுப்பப்பட்டன. இவற்றைவிட நம் மனத்தைத் தொடும் நினைவுச் சின்னம் வேறொன்று உண்டு. 1930இல் சிட்னி நகரப் பள்ளிச் சிறுவர் சிறுமியர் தம் கைக்காசைச் சேர்த்து ஆமிக்குப் பரிசளித்தனர். அவர் அதைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. அப்பணத்தில் ஒரு பொற்கிண்ணம் செய்வித்து, துணிச்சலான செயல் புரியும் ஹல் நகரக் குழந்தைக்கு வழங்குமாறு தம் ஊருக்கு அளித்துவிட்டார்.

தோழியரே! முன்பற்கள் உடைந்து கூசி நின்ற சிறுமி, மற்றவரைவிட மெதுவாகவே கற்ற மாணவி, கொட்டகையில் எண்ணெய்த் துணியோடு காத்து நின்ற பெண்; இவர்தாம் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் கடந்தார். மெதுவாகக் கற்பவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. அடுத்த முறை புவியியல் வகுப்பில் அந்த உருண்டையைச் சுழற்றும்போது, இலண்டனுக்கும் டார்வினுக்கும் இடையே உங்கள் விரலைச் சற்றே நிறுத்துங்கள். கிழிந்த இறக்கையோடு சிறு விமானம் ஒன்று அவ்வழியே சென்றதை எண்ணிப் பாருங்கள்.